கொல்லை இலை

புடவை சொட்டிக்கொண்டே இருந்தது.

விளக்கு வைப்பதற்கு முன்பே விசாலாக்ஷி அதைக் குழாயடியில் நனைத்து, மணிக்கட்டு வலிக்க முறுக்கிப் பிழிந்து, பூஜை அறைக்கு அடுத்த சின்ன அறையில் யார் கையும் படாத உயரத்தில் கோலால் கொடியில் ஏற்றிப் பரத்தியிருந்தாள். அரக்குச் சிவப்பில் கூறைநாட்டு ஒன்பது கெஜம். பம்பாய் மழையில் துணி உலராது என்பதை மாட்டுங்காவில் குடித்தனம் பண்ணுகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் உலராமல் இருப்பது வேறு, சொட்டுவது வேறு. பிழிந்த துணி எத்தனை நேரம் சொட்டும்? பால் காயும் நேரம் சொட்டலாம். இதுவோ, அவள் நாளைக்கு வேண்டிய உளுந்தைக் களைந்து, ஏலக்காய் பொடித்து, ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி முடித்த பிறகும் சொட்டிற்று. கீழே பித்தளைத் தாம்பாளத்தை வைத்தாள். நிரம்பிற்று. கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள்.

வாசனை வேறு. முனிசிபல் குழாய்த் தண்ணீருக்கு ஒரு இரும்பு வாசனை உண்டு. இது பாசி வாசனை. வெகுநாள் இறைக்காத கிணற்றின் பலகையைத் தூக்கினால் முகத்தில் அடிக்குமே, அது. மாட்டுங்காவில், முதல் மாடியில், கிணறு ஏது?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகு இன்னும் பயமாக இருந்தது. ஏனென்றால் அவள் செய்த காரியம் அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அவள் பெண் நாகலக்ஷ்மிக்குக் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் சுமங்கலிப் பிரார்த்தனை பண்ணாமல் தாலிக்குப் பொன் உருக்க மாட்டார்கள். கணவன் உயிரோடிருக்கும்போதே மஞ்சள் குங்குமத்தோடு கண்ணை மூடிய அந்த வீட்டுப் பெண்களை, முதல் நாள் சாயங்காலம் புடவையை நனைத்தபடியே பெயர் சொல்லி அழைப்பார்கள். மறுநாள் அவர்கள் சார்பில் அக்கம்பக்கத்துச் சுமங்கலிகளை உட்கார வைத்துச் சாப்பாடு. போனவர்களுக்கென்றே தனியாக ஒரு இலை, அதன் முன்னால் மணையில் அந்தப் புடவை. எல்லாம் முடிந்ததும் வீட்டுப் பெண் அதைக் கட்டிக்கொண்டு வருவாள். அப்போது அவள் பெண் இல்லை, வந்திருக்கிற பெரியவள். பெற்ற தாயும் தகப்பனும்கூட அவள் காலில் விழ வேண்டும்.

இதில் அந்தக் குலத்துக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் இருந்தது. விசாலாக்ஷியின் மாமியார் இருந்தவரைக்கும், வரிசையில் எல்லா இலையும் போட்டான பிறகு, இன்னொரு இலையைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் போட்டுப் பரிமாறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். பாலக்காட்டு அக்ரஹாரத்தில் அது கிணற்றடி. மாட்டுங்காவுக்குக் குடிவந்த பிறகு, தோட்டி வந்து போகிற இரும்புச் சுழல்படி ஏறி முடிகிற பின்பக்கத் தாழ்வாரம், காலரி. யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டாள். சாகப் போகிற சமயத்தில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கொல்லை இலையை விட்டுடாதே விசாலம். போடு. கூப்பிடாதே."

இன்று சாயங்காலம் விசாலாக்ஷி கூப்பிட்டுவிட்டாள்.

எல்லாம் அவள் கணவன் சந்திரமௌலியால் வந்தது. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் ஹெட் கிளார்க். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. பெண் கல்யாணத்தில் வம்சாவளி அச்சடித்துப் பந்துக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் செம்பூர், தாதர் என்று உறவுக்காரர் வீடு வீடாக அலைந்தார். ஆண்கள் பெயர் சரசரவென்று வந்துவிட்டது. கும்பெனிக்காரன் பாலக்காட்டுக் கோட்டையைத் திப்புவிடமிருந்து பிடித்த காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்குத் துபாஷியாக இருந்த வெங்கடராமன் வரைக்கும் ஏறிப்போனார். அங்கே முட்டிக்கொண்டது. வெங்கடராமனுக்கு ஒரே பிள்ளை. மனைவி தர்மாம்பாள். பிள்ளையைப் பெற்றவள் தர்மாம்பாள்தானா?

"வழக்கம் என்ன விசாலம்? மூத்த பொண்ணுக்கு அப்பாவைப் பெத்தவ பேரு வைக்கணும், இல்லையா? அந்தப் பிள்ளை தன் மூத்த பொண்ணுக்குத் தர்மாம்பாள்னு வைக்கலை, கேட்டயோ? மரகதம்னு வெச்சிருக்கான். குலத்திலே அதுக்கு முன்னே அப்படி ஒரு பேரே கிடையாது. பெத்தவ மரகதமாக்கும்! செம்பூரிலே நம்ம தாயாதி வேங்கடசுப்ரமணியன் ஆத்திலேயும் கொல்லையிலே ஒரு இலை போடறா. யாருக்குன்னு அவாளுக்கும் தெரியாது. நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

"உங்கம்மா கூப்பிடாதேன்னா."

"அம்மா பயந்த காலம். நம்ம குலத்துக்கே தாயை நூத்தம்பது வருஷமாக் கொல்லையிலே நிறுத்தி வெச்சிருக்கோம். நாகுவுக்கு நிச்சயம் பண்ணின ரெண்டு இடமும் ஏன் தட்டிப் போச்சு? அவ வயிறு எரியறது. இந்தத் தடவை அவளை உள்ளே கூப்பிடு."

நாகுவின் பெயரைச் சொன்னால் விசாலாக்ஷி எதற்கும் மடங்கிவிடுவாள். இரண்டு நிச்சயம் முறிந்து, மூன்றாவதாக அமைந்த இடம். இதுவும் போனால் பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் குழாயடியில் புடவையை நனைக்கும்போது, தர்மாம்பாளில் தொடங்கி மாமியார் வரைக்கும் எல்லாரையும் அழைத்தபின், தண்ணீர்ச் சத்தத்தில் தன் காதுக்கே கேட்காத குரலில், "மரகதம், நீங்களும் வாங்கோ" என்றாள்.

குழாய் நின்றது. மூடாமலே நின்றது. பிறகு ஒரு முறை கமறிக்கொண்டு மறுபடி கொட்டிற்று. அந்தத் தண்ணீர் ஐஸாக இருந்தது.

தாம்பாளத்தை மூன்றாந்தரம் கொட்டப் பின்பக்க காலரிக்குப் போனபோது, காலரியை ஒட்டிய அறையிலிருந்து கோமு அத்தை கூப்பிட்டாள். சந்திரமௌலியின் தகப்பனாருக்குத் தங்கை. பதினாறு வயதில் தாலி இழந்து, தலைமுடி இழந்து, காவிப் புடவைக்குள் ஒடுங்கிப்போனவள். சுமங்கலிப் பிரார்த்தனை என்றால் அவள் அறையைவிட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. அவளும் காட்டியதில்லை.

"விசாலம், இரும்புப் படியிலே யாரோ ஏறி வரா."

"தோட்டியா இருக்கும் அத்தை."

"இந்த மழையிலேயா? ஈரக்கால் சத்தம். ரெண்டு படி ஏறறது, நிக்கறது." கிழவி அவள் கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். "யாரைக் கூப்பிட்டே?"

விசாலாக்ஷி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அத்தை முகத்தை மூடிக்கொண்டுவிட்டாள்.

"அடிப்பாவி. ஆழம் தெரியாம காலை விட்டுட்டயே! தர்மாம்பாளுக்குப் பிள்ளை இல்லை. துரையோட கோட்டையிலே வேலைக்கு இருந்த ஒரு பொண்ணை வெங்கடராமன் ஆத்துக்குக் கொண்டுவந்தார். அவளுக்குப் பிள்ளை பொறந்துது. பிள்ளையை வாங்கித் தர்மாம்பாள் மடியிலே போட்டுட்டு, பெத்தவளைக் கிணத்திலே எறக்கிப் பலகையைப் போட்டு மூடிட்டா. மேலே குழந்தை பாலுக்கு அழறது. கீழேர்ந்து அவ தாலாட்டுப் பாடிண்டே இருந்தாளாம். குழந்தை தூங்கற வரைக்கும் பாடினாளாம். அப்புறம் கேக்கலையாம்."

காலரித் தகரத்தில் மழை கொட்டியது.

"அத்தை, நாளைக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிடலாமோன்னோ?"

"எங்கே அனுப்புவே? எல்லாரையும் 'அவாவா இடத்துக்குப் போங்கோ'ன்னு அட்சதை போட்டு அனுப்புவோம். அவளுக்கு ஏது இடம்? தாலி கிடையாது, கோத்திரம் கிடையாது, தன்னதுன்னு ஒரு ஆம் கிடையாது. பிள்ளை மட்டுந்தான் இருந்தான்."

விசாலாக்ஷி காலரியை எட்டிப் பார்த்தாள். சுழல்படியின் மேல் வளைவில் யாருமில்லை. மேல்படி மட்டும், மழை விழாத கூரைக்கடியில் இருந்தும், நனைந்திருந்தது.

அன்று ராத்திரி அவள் ஒன்றே ஒன்றை மனசுக்குள் முடிந்துகொண்டாள். என்ன ஆனாலும் ஆகட்டும், அந்தப் புடவையை நாகு கட்டக் கூடாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததாகவே தெரியவில்லை. யுத்தத்துக்காக ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்புக் காகிதம், அதற்கு வெளியே கறுத்த வானம், கிங்ஸ் சர்க்கிள் பக்கமிருந்து மழைக்குள் அமுங்கி வரும் டிராம் மணி. பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தார்கள். புடவை காலையிலும் ஈரம். அதைத் தொட்டு எடுத்து மணையில் வைத்தபோது விரல் விறைத்தது. அவள் தன் பெட்டியிலிருந்து வேறொரு ஒன்பது கெஜத்தை எடுத்துச் சின்ன அறையில் வைத்துவிட்டு, நாகுவைத் தனியாக அழைத்தாள்.

"இதைத்தான் நீ கட்டிக்கணும். மணையிலே இருக்கறதைத் தொடாதே. சத்தியம் பண்ணு."

"அம்மா, எனக்கு எந்த ஒன்பது கெஜத்தையும் கட்டிக்கத் தெரியாது. நீதானே கட்டிவிடணும்?" என்று சிரித்தாள் நாகு. பதினெட்டு வயது. மெட்ரிக் பாஸ். வாசலில் பூக்காரனோடு ஹிந்தியில் சண்டை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், தலையெல்லாம் மழைத்துளி. "சரி, சத்தியம். போறுமா?"

சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலை, மடிசார், குடை மடக்குகிற சத்தம். வாசற்படியில் மணை போட்டு அவர்களை நிறுத்திக் கால் அலம்பி, மஞ்சள் பூசி, நலங்கிட்டு உள்ளே அனுப்புவது விசாலாக்ஷியின் வேலை. குனிந்த தலை நிமிரவில்லை. கால்கள்தான் தெரிந்தன. பக்கத்துக் கட்டடத்து ராஜலக்ஷ்மி மாமியின் பித்தவெடிப்புக் கால். யாரோ புதுப்பெண்ணின் மெட்டி இறுக்கிய விரல். ஒவ்வொரு காலும் உயிருள்ள சூடோடு கைக்குள் வந்து போயிற்று.

அடுத்து வந்த கால் ஏற்கெனவே நனைந்திருந்தது.

மஞ்சளைத் தொட்டு வைத்தாள். குளிர்ந்திருந்தது. தோல் வெளுத்து, ஊறிச் சுருங்கி, கை பட்ட இடத்தில் குழிந்தது. குழிந்தது எழும்பவில்லை. மெட்டி இல்லை. நகக்கண்களில் கறுப்புச் சேறு. பூசிய மஞ்சள் அந்தத் தோலில் பிடிக்காமல் வழிந்து மணையில் ஓடிற்று.

நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கால் நகர்ந்தது. அவளைத் தாண்டி உள்ளே போயிற்று.

"விசாலம், என்ன அப்படியே உக்காந்துட்டே?" என்றாள் ராஜலக்ஷ்மி மாமி உள்ளிருந்து. "எல்லாரும் வந்தாச்சே. இலை போட்டாச்சு."

கூடத்தில் வரிசை சரியாக இருந்தது. அழைக்கப்பட்டவர்கள் அவரவர் இடத்தில். புதிதாக ஒரு முகமும் இல்லை. வாசற்படியிலிருந்து மணைப் புடவை வரைக்கும் மட்டும் தரையில் ஈரம் தெரிந்தது. சேற்றுக்கால். உள்ளே போன கால். திரும்பாத கால்.

பரிமாறினாள். சாம்பார் இலைக்கு வெளியே சிந்திற்று. சந்திரமௌலி தூணோரம் மயில்கண் வேஷ்டியில் நின்று, பெருமையாக எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். புடவைக்கு முன்னால் இருந்த தனி இலையில் அவள் வைத்த சாதம் இருந்தபடியே இருந்தது. பாயசம் விட்டாள். திரும்பி வந்தபோது பாயசத்தைக் காணோம். அந்த இடத்தில் தண்ணீர். கலங்கல் தண்ணீர், இலை விளிம்புவரை. அதில் ஒரு பாசி இழை மிதந்தது.

"மேலே ஒழுகறதோ?" என்று ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது.

சாப்பிடுகிற சத்தம்கூட அடங்கிற்று. எங்கோ மிகக் கீழே, தரைக்கும் கீழே, யாரோ ராகம் இழுப்பதுபோல் ஒரு முனகல். மழையாக இருக்கலாம். மழையாகவே இருக்கட்டும், ஈசுவரா.

கை அலம்பி, பானகமும் சுக்குவெல்லமும் கொடுத்து முடித்துத் திரும்பியபோது மணை காலியாக இருந்தது.

"புடவை? புடவை எங்கே?"

"நாகு எடுத்துண்டு போனாளே" என்றார் சந்திரமௌலி. "நான்தான் நேரமாச்சு, கட்டிண்டு வாடின்னேன். ஏன் இப்படி முழிக்கறே?"

விசாலாக்ஷி சின்ன அறைக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "நாகு! அதைக் கட்டாதே! நாகு!" துணியை உதறுகிற சத்தம். ஈரத்துணி. அதன்பின் ஒரு பெண் ஆழமாக மூச்சிழுக்கிற சத்தம், வெகுநேரம் முங்கிக் கிடந்துவிட்டு மேலே வந்ததுபோல்.

தாழ் விலகிற்று.

நாகு வந்தாள். ஒன்பது கெஜம் கட்டத் தெரியாத பெண், கச்சிதமாகக் கட்டியிருந்தாள். ஆனால் அது மடிசார் இல்லை. பாலக்காட்டுக் கட்டும் இல்லை, தஞ்சாவூர்க் கட்டும் இல்லை. கொசுவம் பின்னால், முந்தானை இடுப்பைச் சுற்றி இறுக்கி, முழங்கால் தெரிய, வேலை செய்கிறவள் தூக்கிச் செருகிய கட்டு. அந்தக் கூடத்தில் யாருமே அப்படிக் கட்டினதில்லை. அவளுக்குப் பின்னால் அறைக்குள், விசாலாக்ஷி எடுத்து வைத்த புடவை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"பேஷ், பேஷ்" என்றார் சந்திரமௌலி, கை கூப்பி. "நம்ம ஆத்துக்கு வந்துட்டா. விழு விசாலம். நீதான் முதல்லே விழணும்."

விழுந்தாள். நெற்றி தரையில் பட்டது. கண்ணெதிரே நாகுவின் பாதம்.

வெளுத்த பாதம். ஊறின பாதம். காலையில் அவள் விரல் அமுக்கிய குழி அதில் அப்படியே இருந்தது.

"எம் புள்ள எங்க?"

நாகுவின் வாய்தான். குரல் அந்த வாயிலிருந்து வரவில்லை. பலகைக்கு அடியிலிருந்து வந்தது.

ராஜலக்ஷ்மி மாமி வீலென்று கத்தினாள். தாம்பூலத் தட்டு உருண்டது. பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள், செருப்பு, குடை, எதையும் எடுக்காமல். விசாலாக்ஷி எழப் பார்த்தாள். எழ முடியவில்லை.

"எம் புள்ளயக் குடு."

"அம்மா" என்றார் சந்திரமௌலி.

அவர் முகத்தைப் பார்த்ததும் விசாலாக்ஷிக்கு உயிரே போயிற்று. ஹெட் கிளார்க்கின் முகம் அது இல்லை. உதடு பிதுங்கி, கண் நிறைந்து, பசித்து அழப்போகிற முகம். அத்தனை ஆண்களின் பெயரையும் தேடிப் பிடித்த மனுஷன், அந்த வீட்டின் கடைசி ஆண்பிள்ளை, முழங்காலிட்டுத் தவழ்ந்து போனார். நாகு உட்கார்ந்தாள். அவர் தலையை மடியில் வாங்கினாள். நரைத்த தலையை, குடுமியோடு.

"வேண்டாம்னா! எழுந்திருங்கோ! அவ நாகு! நம்ம நாகு!"

ஈர முந்தானை அவிழ்ந்தது. பால் கொடுக்கிற தாய் மறைப்பதுபோல அவர் முகத்தின்மேல் விழுந்தது. அது சொட்டத் தொடங்கிற்று. சொட்டவில்லை. ஓடிற்று. விசாலாக்ஷி பாய்ந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கல்லைப் பிடித்து இழுத்தாற்போல இருந்தது. துணிக்கடியில் அவர் முகம் அங்குமிங்கும் திரும்பிற்று. ஒரு கொப்பளிப்பு. இன்னொன்று. குதிகால் தரையில் அடித்தது. டக். டக். டக்.

தாலாட்டு எழுந்தது. ஆராரோ. சொல் அதற்குமேல் புரியவில்லை. வேற்றூர்ப் பேச்சு.

பின்கட்டிலிருந்து, அன்றைக்கு வரவே கூடாத கோமு அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "பாட்டை நிறுத்தாதே தாயே" என்று கை கூப்பினாள். "பாட்டு நின்னா உயிர் போச்சுன்னு அர்த்தம்னா எங்கம்மா." அவளுக்கு என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை.

விசாலாக்ஷி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முகம் சாந்தமாக இருந்தது. உதடு பாடிற்று. கண் மட்டும் நாகுவுடையது. அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்து, இமைக்க முடியாமல், அம்மாவை வெறித்துக் கண்ணீர் வழிய விழித்திருந்தது.

குதிகால் அடிப்பது மெதுவாயிற்று.

டக்.

பிறகு இல்லை.

மணைக்கு முன்னிருந்த இலை, தரையில் பரவிய தண்ணீரில் மெல்லக் கிளம்பிக் கொல்லைப்பக்கமாக மிதந்து போயிற்று. நாகுவின் கை, வெளுத்த விரல்களால், முந்தானைக்கடியில் இருந்ததை இதமாகத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. அவள் விசாலாக்ஷியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீக. இப்பத்தான் தூங்குது."